ஒயில் டின்னில் இருக்கும் இலக்கம்: யாருடைய குளிர், யாருடைய வெயில்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் வீட்டுக்கு வந்தார். பிள்ளை என்று சொன்னாலும் இப்போது வயது இருபத்தெட்டு. கட்டாரில் ஆறு வருடம் உழைத்த காசில் தொண்ணூறுகளில் வந்த ஜப்பானிய டர்போ கார் ஒன்றை வாங்கியிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்று நாம் சொல்லத் தேவையில்லை. அந்த விலைக்குத்தான் வாங்கினார்.

வந்து கதிரையில் இருந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "சேர், எஞ்சின் போயிட்டு."

தியத்தலாவையில் நடக்கும் காரோட்டப் போட்டியைப் பார்க்கக் கூட்டாளிமாரோடு புறப்பட்டிருக்கிறார். மொனராகலை, வெல்லவாய எல்லாம் நல்லபடி கடந்தாயிற்று. அதற்குப் பிறகு பெரகல வரைக்கும் ஒரே ஏற்றம். வாலிபப் பிள்ளை, டர்போ கார், பின்னால் கூட்டாளியின் கார். மிதித்திருக்கிறார். கொஸ்லந்தையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். ஒயில் விளக்கு மின்னியது. நிறுத்திவிட்டார், ஆனால் நேரம் பிந்திவிட்டது. கழற்றிப் பார்த்தபோது கொனெக்டிங் ரொட் பேரிங் இரண்டு தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. கிராங்கும் கீறிப் போயிருந்தது.

அவர் எம்மைத் தேடி வந்தது காசு கேட்டு அல்ல. ஒரு வழக்கைத் தீர்க்க வந்தார். ஒயில் விற்ற கடைக்காரத் தம்பி, "இப்ப எல்லாம் மெல்லிய ஒயில்தான், ஜப்பான்காரன் அதைத்தான் போடச் சொல்றான்" என்று 0டபிள்யூ-20 கொடுத்திருக்கிறார். எஞ்சினைக் கழற்றிய கராஜ் காக்கா, "20டபிள்யூ-50 ஊத்தியிருந்தா இது நடந்திருக்காது மகன். தடிச்ச ஒயில்தான் எஞ்சினுக்குக் காவல்" என்கிறார். ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. யார் சொல்வது சரி?

நாம் மெக்கானிக் இல்லை. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் வழமையாகச் செய்வதுபோல, கேள்வி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். போனால் விசயம் ஒரு கராஜுக்குள் அடங்கவில்லை. லண்டன், மான்செஸ்டர், அமெரிக்கப் பனி, ஆமணக்கு விதை என்று போய்க்கொண்டே இருந்தது.

முதலில் லண்டன். 1880களில் அங்கு ரயில் பெட்டிகளின் அச்சாணிகள் சூடாகித் தேய்வது பெரிய தலையிடியாக இருந்தது. இயந்திரப் பொறியியலாளர் நிறுவகம் இதை ஆராயும்படி பீச்சம்ப் டவர் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் சுழலும் ஒரு தண்டை அடிப்பக்கம் ஒயிலில் தோயவிட்டு, மேலே பித்தளைப் பேரிங் ஒன்றை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றிச் சோதித்தார். 1883ஆம் ஆண்டு அறிக்கையில் வருகிற ஒரு சிறிய சம்பவத்தை வகுப்பில் நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

ஒயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார் டவர். துளையால் ஒயில் உள்ளே போகும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடந்தது மறுபக்கம். தண்டு சுழலச் சுழல ஒயில் அந்தத் துளையால் மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிக்கொண்டு வந்தது. மரத்தால் ஆப்பு அடித்தார், அதையும் தள்ளியது. சரியென்று ஓர் அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தார். பேரிங்கின் மேல் இருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல். மானியின் முள்ளோ 200ஐயும் தாண்டிப் போனது.

அதன் அர்த்தம் என்ன? தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அத்தனை பாரத்தையும் நடுவில் இருந்த ஒயில் படலம் தனியே தாங்கிக்கொண்டிருந்தது. ஒயில் என்றால் வழுக்குகிற பொருள் என்றுதான் அதுவரை பெரும்பாலானோர் நினைத்திருந்தார்கள். அது பாரம் சுமக்கிற பொருள் என்பது இந்த மரஆப்பு வெளியே வந்த அன்று தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து, 1886இல், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஒஸ்போன் றெனோல்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் றெனோல்ட்ஸ் எண் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே மனிதர். சுழலும் தண்டு ஒயிலை இழுத்துக்கொண்டு போய் ஒடுங்கிய இடைவெளிக்குள் திணிக்கிறது. ஒயில் ஆப்புப்போல உள்ளே நுழைந்து தண்டைத் தூக்கிவிடுகிறது. மழை நாளில் வேகமாகப் போகிற வாகனத்தின் டயர் தெருவில் தேங்கிய தண்ணீர்மேல் ஏறி மிதக்கிறதே, அதே சங்கதிதான். தெருவில் அது ஆபத்து, பேரிங்குக்குள் அதுதான் உயிர்.

றெனோல்ட்ஸின் கணக்கைச் சமன்பாடில்லாமல் இப்படிச் சொல்லலாம். படலம் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதை நான்கு விசயங்கள் தீர்மானிக்கின்றன. ஒயிலின் பிசுக்குமை, தண்டு சுழலும் வேகம், மேலே இருக்கிற பாரம், தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே விட்ட இடைவெளி. ஒயிலின் தடிப்பு இந்த நான்கில் ஒன்று மட்டுமே. எமது ஊர் வழக்கில் இரண்டு தரப்பும் மற்ற மூன்றையும் மறந்துவிட்டுத்தான் சண்டை பிடித்தார்கள். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இனி ஆமணக்கு. சிறு வயதில் பாடசாலை விடுமுறைக்கு உம்மம்மா கையில் கரண்டியோடு துரத்திக்கொண்டு வந்த அந்த எண்ணெயேதான். வயிற்றைக் கழுவுவதற்கு நாம் பயன்படுத்திய எண்ணெயைத்தான் உலகத்தின் வேகமான கார்களும் ஆகாயவிமானங்களும் ஒருகாலம் குடித்தன என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. லண்டனில் சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899இல் ஓர் எண்ணெய்க் கம்பனி தொடங்கினார். 1909இல் மோட்டார் எஞ்சின்களுக்கென்று ஆமணக்கெண்ணெய் கலந்த ஒயில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஆமணக்குக்கு 'காஸ்டர்' என்று பெயர். அதிலிருந்து வைத்த பெயர்தான் காஸ்ட்ரோல். இன்று தெருத் தெருவாகத் தொங்கும் அந்தப் பெயர்ப்பலகைக்குள் எமது வேலியோரச் செடி ஒளிந்திருக்கிறது.

ஆமணக்கெண்ணெய் நல்ல தடிப்பு, உலோகத்தில் நன்றாக ஒட்டும். முதலாம் உலகப் போரில் பறந்த சில விமானங்களில் கிராங்க் அசையாமல் நிற்க, எஞ்சினே முழுதாகச் சுற்றும். பெற்றோல் ஆவி கிராங்க் பெட்டிக்குள்ளாலேயே போகும். கனிய எண்ணெய் போட்டால் பெற்றோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கெண்ணெய் பெற்றோலில் இலேசில் கரையாது. அதனால் அதைத்தான் போட்டார்கள். எரியாத எண்ணெய் புகையாக வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். மூச்சோடு உள்ளே போனதும் உம்மம்மாவின் கரண்டி செய்த வேலையை அதுவும் செய்தது. போர்க்கால விமானிகளின் வயிற்றுப்போக்குக் கதைகள் சிரிப்புக்குச் சொல்லப்பட்டாலும் பொய்யல்ல.

ஓட்டப் போட்டிக் கார்களும் நெடுங்காலம் ஆமணக்கில் ஓடின. ஆனால் அதற்கு ஒரு நோய் உண்டு. சூட்டில் கிடந்தால் பிசின்போலக் கட்டிப்பட்டுவிடும். போட்டிக் காரின் எஞ்சினை ஓட்டம் முடிந்ததும் கழற்றிக் கழுவுவார்கள், ஆகவே பரவாயில்லை. வாப்பா சந்தைக்குக் கொண்டுபோகும் காருக்கு அது சரிவராது. போட்டிக்கு நல்லது வீட்டுக்கும் நல்லது என்ற எண்ணம் பிழைத்துப்போன முதல் இடம் இது என்று நாம் நினைக்கிறோம். கடைசி இடமல்ல.

அடுத்து இலக்கம். அமெரிக்காவில் 1905இல் வாகனப் பொறியியலாளர் சங்கம் உருவானது. டின்னில் எஸ்.ஏ.ஈ என்று இருப்பது அவர்களின் பெயர். அவர்கள் 1911இல் ஒயில்களைத் தடிப்பின்படி வகுத்தார்கள். அதற்குமுன் ஒவ்வொரு கம்பனியும் 'மெல்லியது', 'நடுத்தரம்', 'கடும் தடிப்பு' என்று தன் மனம்போல எழுதியது. ஒருவரின் நடுத்தரம் மற்றவரின் கடும் தடிப்பு. ஆகவே இலக்கம் வந்தது நல்ல காரியம்.

ஆனால் 20, 30, 40 என்பவை ஏதோ ஓர் அளவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. அவை வகுப்பின் பெயர்கள், தரம் 6, தரம் 7 என்பதுபோல. இன்றைய விதிப்படி 100 பாகை செல்சியஸில் ஒயிலின் பிசுக்குமை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருந்தால் அது 30. 12.5 முதல் 16.3 வரை 40. 16.3 முதல் 21.9 வரை 50. 9.3க்குக் கீழே 6.9 வரை 20. ஒரு வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் 30க்கும் அடுத்த வகுப்பின் முதல் வாங்கில் இருக்கும் 40க்கும் இடையே பெரிய வித்தியாசமே இருக்காது.

முன்னால் வரும் இலக்கமும் 'டபிள்யூ' எழுத்தும் வேறு கதை. கராஜ்களில் அதை 'வெயிட்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அது 'வின்டர்', பனிக்காலம். அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும் பனிக்காலக் காலையில் ஒயில் தார்போல இறுகிவிடும், எஞ்சினைச் சுற்றவே முடியாது. அலஸ்காவில் விமானிகள் இரவில் ஒயிலை வாளியில் வடித்து உள்ளே கொண்டுபோய், காலையில் அடுப்பில் சூடாக்கித் திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். கார்க்காரர்கள் கோடைக்கு ஒரு ஒயில், பனிக்கு ஒரு ஒயில் என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொல்லைக்குப் பதிலாக 1930களில் வந்ததுதான் டபிள்யூ வகுப்புகள். 0டபிள்யூ என்றால் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகையில் எஞ்சின் சுற்றுமா என்று சோதித்தது. 5டபிள்யூ கீழே 30 பாகையில், 10டபிள்யூ கீழே 25 பாகையில், 20டபிள்யூ கீழே 15 பாகையில்.

நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லில் உறைபனி படிந்தால் அது செய்தியாகிப் பத்திரிகையில் படம் வரும். எமது கரையோரத்தில் விடியற்காலை 25 பாகை இருந்தால் போர்வை தேடுகிறோம். ஆகவே முன்னால் இருக்கும் இலக்கம் வேறு யாருடையதோ குளிருக்கு எழுதிய விடை. அதற்காக அது எமக்கு ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் வேண்டாம். 27 பாகையும் எஞ்சினுக்குக் குளிர்தான். 100 பாகையில் 11 சென்டிஸ்டோக் இருக்கிற ஒரு 30 ஒயில் 40 பாகையில் 60, 70 என்று ஐந்தாறு மடங்கு தடிக்கிறது. 20டபிள்யூ-50 என்றால் 150ஐயும் தாண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மிதிக்கிற ஆட்களுக்கு இதில் செய்தி உண்டு.

ஒரே ஒயில் குளிரில் 10ஆகவும் சூட்டில் 40ஆகவும் எப்படி நடிக்கிறது? இதற்குள் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி கொண்ட பொருட்களைச் சேர்க்கிறார்கள். குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து ஒயில் மெலிவதைக் கொஞ்சம் தடுக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களில், இவ்வகை ஒயில்கள் பொதுமக்களின் கைக்கு வந்தன. ஆனால் இந்தச் சங்கிலிகள் பற்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் அகப்பட்டு அறுபடும். அறுந்தால் 40 என்று ஊற்றியது சில ஆயிரம் கிலோமீற்றரில் 30 ஆகிவிடும். இதனால்தான் பின்னாளில் 150 பாகையில், ஒயிலைப் பலமாக நசுக்கி அரைத்தபடி அளக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்தார்கள். வேகக் கார் வைத்திருப்போர் டின்னின் பெரிய எழுத்தைவிட அந்தச் சிறிய எண்ணைத்தான் தேட வேண்டும். 20 வகுப்புக்கு அது குறைந்தது 2.6, 30க்கு 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40க்கு 3.5, 50க்கும் 60க்கும் 3.7. கம்பனியின் தரவுத்தாளில் இருக்கும்.

இப்போது கராஜ் காக்காவின் 20டபிள்யூ-50க்கு வருவோம். அது அவருடைய கண்டுபிடிப்பல்ல; அவருக்குத் தொழில் பழக்கிய மூத்த காக்காவின் சொத்து. அவருக்கு முன்னால் இருந்தவை மொரிஸ் மைனர், ஒஸ்டின், மினி. மினி 1959இல் வந்த சின்னக் கார். இடம் மிச்சம் பிடிப்பதற்காக கியர் பெட்டியை எஞ்சினுக்குக் கீழேயே வைத்து இரண்டுக்கும் ஒரே ஒயிலை விட்டார்கள். மேலே சொன்ன சங்கிலிகளுக்கு இதைவிட மோசமான வீடு கிடையாது. கியரின் பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றைக் கொத்தியரைத்தன. அதைத் தாங்குவதற்குத் தடித்த 20டபிள்யூ-50 பிரித்தானியாவில் பெயரெடுத்தது. அந்தச் சின்னக் கார் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மொன்டி கார்லோ ரலியை வென்றதும் நினைவிருக்கட்டும். அந்தக் காலத்தின் வேகக் காரும் அதுதான். அன்றைய எஞ்சின்களின் இடைவெளிகளும் பெரியவை, தேய்ந்த பிறகு இன்னும் பெரியவை. அந்தக் கார்களுக்குக் காக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவர் பிழைவிட்டது ஒயிலில் அல்ல, காலத்தில்.

கடைக்காரத் தம்பியின் 0டபிள்யூ-20க்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல், கார்கள் ஒரு கலன் பெற்றோலுக்குச் சராசரியாக இத்தனை மைல் ஓடியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. தவறினால் தண்டம். கம்பனிகள் ஒவ்வொரு சதமாகத் தேடின. மெல்லிய ஒயில் என்றால் பம்புக்கும் பிஸ்டனுக்கும் இழுவை குறைவு, பெற்றோல் கொஞ்சம் மிச்சம். ஒரு காருக்கு அது சிறிய தொகை, இலட்சக்கணக்கான கார்களுக்குப் பெரிய தொகை. 2001 அளவில் ஃபோர்டும் ஹொண்டாவும் 5டபிள்யூ-20க்கு மாறின. பின்னர் 0டபிள்யூ-20. 2013இல் 16 என்ற வகுப்பும் 2015இல் 12, 8 என்ற வகுப்புகளும் பிறந்தன.

இது ஏமாற்று அல்ல. அந்த எஞ்சின்களை அதற்கென்றே வரைந்தார்கள். இடைவெளியை நுணுக்கமாகக் குறைத்தார்கள், பேரிங்கின் மேற்பூச்சை மாற்றினார்கள், பம்பையும் மாற்றினார்கள். ஃபோர்மியுலா 1 எஞ்சினில் இடைவெளி அவ்வளவு இறுக்கம், குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே முடியாது. வெளியிலிருந்து தண்ணீரையும் ஒயிலையும் சூடாக்கி உள்ளே அனுப்பிய பிறகுதான் உயிர் வரும். ஹொண்டாவின் சிவிக் டைப் ஆர், 300 குதிரைவலு தாண்டிய கார், அதற்கும் 0டபிள்யூ-20 எழுதிய காலம் உண்டு. மெல்லியது என்றால் பலவீனம் என்பது அப்படியே பிழை.

அப்படியானால் தடித்ததும் பிழையா? அதுவும் இல்லை. பி.எம்.டபிள்யூ தன் எம்3, எம்5 கார்களின் உயர்சுழற்சி எஞ்சின்களுக்கு 10டபிள்யூ-60 கேட்டது. புகாட்டி வேரோன், ஆயிரம் குதிரைவலு, அதற்கும் 10டபிள்யூ-60. நிசான் ஜீ.ரீ-ஆர் 0டபிள்யூ-40. எல்லாமே வேகக் கார்கள், எல்லாமே தத்தம் இடத்தில் சரி.

இந்தப் பட்டியலில் எமக்கு அதிகம் பாடம் சொன்னவை இரண்டு அமெரிக்கக் கார்கள். ஃபோர்ட் மஸ்டாங் 2011இல் 5 லீட்டர் எஞ்சினோடு வந்தபோது அதற்கு 5டபிள்யூ-20. அடுத்த வருடம் அதே எஞ்சின் குடும்பத்தைப் போட்டித் தடத்துக்கென்று திருத்தி பொஸ் 302 என்று விட்டார்கள், அதற்கு 5டபிள்யூ-50. மற்றது செவர்லே கோர்வெட். 2014இல் வந்த தலைமுறையின் கைநூல் தெருவில் ஓட 5டபிள்யூ-30 என்றது. ஓட்டத் தடத்துக்குப் போகும்போது அதை வடித்துவிட்டு 15டபிள்யூ-50 ஊற்றச் சொன்னது, ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் திரும்ப மாற்றச் சொன்னது. கார் ஒன்று, ஆள் ஒன்று, ஒயில் இரண்டு. காரை மட்டும் வைத்து ஒயிலைச் சொல்ல முடியாது, அன்றைக்கு அது செய்யப்போகும் வேலையையும் கேட்க வேண்டும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஏன் தடம் வேறு? சூடு. டின்னில் இருக்கும் இலக்கம் 100 பாகையில் அளந்தது. டர்போ காரை மலையில் மிதித்தால் ஒயில் 120, 130 என்று போகும். 100 பாகையில் 14 சென்டிஸ்டோக் இருக்கும் ஒரு நல்ல 5டபிள்யூ-40, 130 பாகையில் ஏறக்குறைய 8க்கு இறங்கிவிடுகிறது. மேலே தந்த அட்டவணையைத் திரும்பப் பாருங்கள்: 8 என்பது 20 வகுப்பு. அதாவது பெரகல ஏற்றத்தில் 40 ஊற்றியவரும் 20இல்தான் ஓடுகிறார். அப்படியானால் எமது பிள்ளையின் காரில் 20 என்று ஊற்றியது அங்கே என்னவாக இருந்திருக்கும்? ஐந்துக்கும் கீழே. அதுவும் முப்பது வருடம் ஓடி இடைவெளி அகன்ற எஞ்சினில். ஏற்றத்தில் பாரம் கூட, படலம் மெலிவு. டவரின் மானியில் முள் ஏறியதே, இங்கே அது இறங்கியிருக்கிறது. தண்டு பேரிங்கைத் தொட்டது. பிறகு சத்தம்தான்.

அதற்காக 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் சுகமாகத் தியத்தலாவை போயிருப்பாரா? போயிருக்கலாம். ஆனால் அதைத் தினமும் ஓட்டியிருந்தால் வேறு கணக்கு வந்திருக்கும். காலையில் தடித்த ஒயில் டர்போவுக்கும் மேல்தலைக்கும் போய்ச்சேரப் பிந்தும். பம்ப் அமுக்கி அமுக்கி அமுக்கவாயில் திறந்து, ஒயிலில் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமலே திரும்பிவிடும். மானியில் அமுக்கம் கூடக் காட்டுவதைப் பார்த்து நாம் சந்தோசப்படுவோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் பொத்தினாலும் அமுக்கம் கூடத்தான் செய்யும், பயிருக்குத் தண்ணீர் போகாது. ஒயில் தன்னையே தேய்த்துத் தானே சூடாகவும் செய்யும். 2000க்குப் பிறகு வந்த எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பகுதிகள் ஒயில் அமுக்கத்தாலேயே வேலை செய்கின்றன. அவற்றின் நுண்துளைகளுக்குத் தடித்த ஒயிலை விட்டுவிட்டு எச்சரிக்கை விளக்கோடு அலைந்த ஆட்களையும் எமது ஊரிலேயே தெரியும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "மகன், காரோட வந்த புத்தகம் எங்க?"

புத்தகம் காரின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஜப்பானிய மொழி என்பதால் ஒருவரும் திறக்கவில்லை. ஃபோன் கெமராவை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். ஒயில் பகுதியில் ஒரு சிறிய வரைபடம். கீழே வெளிவெப்பநிலை, மேலே ஒயில் வகுப்புகள், கோடு கோடாக. சாதாரண ஓட்டத்துக்கு 10டபிள்யூ-30. வெயில் நாட்டுக்கும் கடும் ஓட்டத்துக்கும் வலப்பக்கம் நகரும் கோடுகள் 40 வரைக்கும் போயின. 20 என்ற இலக்கம் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. தடித்த 50உம் இல்லை. கடையும் கராஜும் மாறி மாறி வாதாடிய வழக்கின் தீர்ப்பு முப்பது வருடமாகக் காருக்குள்ளேயே பயணம் செய்திருக்கிறது.

எஞ்சினைத் திரும்பப் பூட்ட மூன்று கிழமை எடுத்தது. கிராங்கை அரைத்து, அளவுக்கேற்ற புதுப் பேரிங் போட வேண்டியிருந்தது. செலவைக் கேட்காதீர்கள், கட்டார் உழைப்பில் ஒரு வருடம் போனது. அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தை எமக்குப் பார்க்க முடியவில்லை.

பூட்டும் நாளில் எம்மையும் கராஜுக்கு அழைத்தார். காக்காவுக்கு எம்மில் கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் போனோம். மனிதர் பிளேன்ரீ சொல்லிவிட்டு, "சேர், நீங்க சொன்ன அந்த இடைவெளிய எப்பிடி அளக்கிற?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாத விசயமல்ல. பெரிய கராஜ்களில் பார்த்திருக்கிறார், இங்கே யாரும் கேட்காததால் செய்யவில்லை. கொழும்பிலிருந்து பிளாஸ்டிகேஜ் எடுப்பித்தோம். மெழுகுபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் நூல். அதைத் தண்டின்மேல் ஒரு துண்டு வைத்து, பேரிங் மூடியைப் பூட்டி, சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கித் திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியதோ அவ்வளவுக்கு இடைவெளி குறைவு. உறையில் அச்சிட்ட கோடுகளோடு வைத்து வாசிக்கலாம்.

நான்கு பேரிங்கும் அளந்தார். மூன்று 0.05 மில்லிமீற்றருக்குக் கிட்ட, ஒரு மயிரைவிடக் குறைவு. ஒன்று கொஞ்சம் கூட. அந்த ஒன்றைக் கழற்றி மாற்றிப் போட்டுத் திரும்ப அளந்தார். பிறகு 10டபிள்யூ-40 ஊற்றினார். மலைக்குப் போவதென்றால் ஒயில் வெப்பமானி ஒன்று பூட்டாமல் போகவேண்டாம் என்று பிள்ளையிடம் அவரே சொன்னார். நசுங்கிய நூலோடு இருந்த அந்த உறைத் துண்டில் திகதியையும் ஒயிலின் இலக்கத்தையும் பேனையால் எழுதி, ஜப்பானியப் புத்தகத்தில் வரைபடம் இருந்த பக்கத்துக்குள் வைத்து மூடிக் கொடுத்தார்.